ஒரு தடவைகூட நின்றதில்லை

பியோ தோங்ஹா எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் அவன் கண் முதலில் தேடுவது பிளக் பாயின்ட்டைத்தான். கல்யாண மண்டபமானாலும் பல் டாக்டரின் காத்திருப்பு அறையானாலும், பார்வை சுவரோரமாக ஒரு ஓட்டம் ஓடி ஓரிடத்தில் நின்ற பிறகுதான் மனிதர்களுக்கு வணக்கம் சொல்வான்.

மாமனார் இறந்தபோதும் அப்படித்தான். ஆஸ்பத்திரியை ஒட்டிய துக்கக்கூடத்தில், கறுப்பு சூட்டும் கையில் துக்கப் பட்டையுமாக வந்தவர்களுக்கெல்லாம் விழுந்து வணங்கிக்கொண்டிருந்தவன், நடுநடுவே செருப்பு அலமாரிக்குப் பின்னால் போய்ச் சம்மணம் போட்டு லேப்டாப்பில் ஏதோ தட்டிவிட்டு வந்தான். மாட்டிறைச்சி சூப் பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி மிராவிடம் அவளுடைய சித்தி குனிந்து கேட்டாள்.

"மாப்பிள்ளை ஷேர் வியாபாரம் பண்றாராடி?"

"இல்ல சித்தி. அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கு" என்றாள் மிரா.

அந்த இன்னொரு குடும்பம் கோயாங் நகரில், இல்சானில், ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் குளிரூட்டப்பட்ட சின்ன அறைக்குள் இருந்தது. மேல்மாடிகளில் ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டூடியோ. சினிமாவுக்கும் தொடர்களுக்கும் தீப்பிடிக்க வைப்பது, மலையைப் பிளப்பது, பேய்களுக்கு முடி முளைக்க வைப்பது எல்லாம் அங்கே நடந்தன. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து செய்த அத்தனை வேலையும் கேபிள் வழியாக இறங்கி அந்த அடித்தள அறைக்குத்தான் வந்தது. அங்கே அடுக்கடுக்காக டிஸ்க்குகள். அவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்த ஒரே பெரிய இடம். ஒவ்வொரு படத்துக்கும் அதிலிருந்து ஒரு பங்கு பிரித்துக் கொடுக்கப்படும். அதற்கு வால்யூம் என்று பேர். படத்தில் வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் அது பொதுவான பெட்டி. யார் எதைப் போட்டாலும் மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். புது வால்யூம் திறப்பது, பெருக்குவது, சுருக்குவது, ஒரு அடுக்கிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவது, வேலை முடிந்ததை மூடுவது, இவைதான் தோங்ஹாவின் வேலை.

இதையெல்லாம் மவுஸால் சொடுக்கிச் செய்கிற பக்கம் ஒன்று ஒரு காலத்தில் இருந்தது. மெஷினுக்கு வயதாகிவிட்டது. இப்போதைய பிரவுசர் எதிலும் அந்தப் பக்கம் திறக்காது. மிஞ்சியது கறுப்புத் திரை ஒன்றுதான். அதில் ஒவ்வொரு கட்டளையையும் எழுத்துப் பிசகாமல் தட்ட வேண்டும்.

தோங்ஹா இதற்கென்று வந்தவன் இல்லை. குன்சானில் இரண்டு வருடப் படிப்பு படித்துவிட்டு, கீபோர்டில் காபி கொட்டினால் மாற்றிக் கொடுக்கும் ஆளாகத்தான் ஸ்டூடியோவில் சேர்ந்தான். ஸ்டோரேஜைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு கேம் கம்பெனிக்குப் போய்விட்டார். போகிற வாரத்தில், சாப்பாட்டு நேரங்களில், தோங்ஹாவுக்குச் சில கட்டளைகளைச் சொல்லிக் கொடுத்தார். "எதையாவது அழிக்கறதுக்கு முன்னால பேரை ஒரு தடவ வாய்விட்டுப் படி. கண்ணு ஏமாத்தும், வாய் ஏமாத்தாது" என்று சொன்னவர், அதோடு போன் நம்பரை மாற்றிக்கொண்டுவிட்டார்.

தோங்ஹா கற்றுக்கொண்டான். நன்றாகவே கற்றுக்கொண்டான். அவனுடைய சிக்கலே அங்கேதான் ஆரம்பித்தது.

ஸ்டூடியோவை நடத்தியவர் குக் சங்மோ. கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஊழியர்களின் குழந்தைகளுக்கு முதல் பிறந்தநாள் என்றால் நேரில் போய் மோதிரம் போடுகிற மனிதர். ஆனால் வேலை என்று எது வந்தாலும் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வராது. ஒவ்வொரு படத்தின் ஆட்களும் வந்து எங்களுக்கு இத்தனை இடம் வேண்டும் என்பார்கள். அவர் கீழே போன் போடுவார்.

"தோங்ஹா, கேக்கறதைக் குடுத்துடு."

"சார், அவ்வளவு இடம் இல்ல."

"இருக்கற மாதிரி காட்ட முடியும்ல?"

காட்ட முடியும். அந்த மெஷினில் வால்யூமின் அளவு என்பது வெறும் வாக்குறுதி. உள்ளே சாமான் வர வர நிஜமான டிஸ்க்கிலிருந்து இடம் போகும். எல்லோரும் ஒரே சமயத்தில் கேட்டு வர மாட்டார்கள் என்ற நம்பிக்கையில், இருப்பதைவிட அதிகமாக எழுதிக் கொடுத்துவிடலாம். வந்துவிட்டால், அடியில் இருக்கும் மொத்த இடமும் நிரம்பி, நிரப்பியவனுடையது மட்டுமல்லாமல் எல்லா வால்யூமும் ஒன்றாகப் படுத்துவிடும். ஒரு படம் மட்டுமல்ல, ஸ்டூடியோவே நின்றுபோகும்.

தோங்ஹா கொடுத்தான். அடுத்த படத்துக்கும் கொடுத்தான். கொஞ்ச வருடங்களில் எழுதிக் கொடுத்தது இருப்பதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

அதன் பிறகு அவன் செய்ததெல்லாம், ஓட்டைப் படகில் உட்கார்ந்து தண்ணீர் இறைக்கிறவன் செய்கிற காரியம். ஒரு படத்தில் சாயங்காலம் புகை மூட்டம் ஏறி இடத்தைத் தின்னும்; அதற்குள் வேறொரு படத்தின் பழைய பிரதிகளைத் தேடித் துடைப்பான். முடிந்துபோன தொடரை அமுக்கிச் சுருக்குவான். எந்த டைரக்டர் எந்தக் காட்சியை மறுபடி எடுக்கச் சொல்வார், எந்த டீம் இரவு முழுக்க மெஷினை ஓடவிட்டுப் போகும் என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். போன் அதிர்ந்தால் குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு வெளியே வருவான்.

வருடத்துக்கு ஒரு முறை மேலே போய்க் கேட்பான்.

"சார், டிஸ்க் வாங்கியே ஆகணும். எல்லாரும் ஒண்ணா ரொப்பினா தாங்காது."

"ரொப்புவாங்களா?"

"ரொப்பலாம் சார்."

"இதுவரைக்கும் ஒரு தடவையாவது நின்னிருக்கா?"

"இல்ல."

"அப்புறம்?"

அவன் ராப்பகலாக நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டதுதான், நிற்காது என்பதற்கு அத்தாட்சியாகிவிட்டது.

ஒருமுறை, அவனுக்கும் ஒரு கேம் கம்பெனியில் இடம் கிடைத்தபோது, ராஜினாமா கொடுத்தான். குக் சங்மோ பதறவில்லை. "தாராளமா போ தம்பி, ஆனா உன் இடத்துக்கு ஒரு ஆளைப் பழக்கிட்டுப் போ" என்றார். நியாயமான பேச்சு. ஒருவன் வந்தான். கறுப்புத் திரையில் தோங்ஹா கணக்கைக் காட்டினான். இருக்கும் இடத்தையும் எழுதிக் கொடுத்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தவன், "அண்ணே, இது எழுத்துப்பிழைதானே?" என்று கேட்டான். மத்தியானம் நூடுல்ஸ் சாப்பிடப் போனவன் திரும்பவில்லை. அவனுடைய குடை பல மாதம் வாசலிலேயே கிடந்தது. அடுத்து வந்தவள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்து, பிறகு கண்ணீரோடு போனாள். கேம் கம்பெனியில் காத்திருந்த இடமும் கைவிட்டுப் போனது.

மிரா வொன்டாங் சந்தையில் பக்க உணவுக் கடை வைத்திருந்தாள். தாமரைக் கிழங்கு, நெத்திலி வறுவல், கிம்ச்சி ஊறுகாய், கீரைக் கறி என்று தட்டுத் தட்டாகக் கட்டி அடுக்கியிருப்பாள். சனிக்கிழமைகளில் தோங்ஹா கடைக்கு வந்து பூண்டு உரிப்பான். லேப்டாப் கிம்ச்சி ஃபிரிட்ஜின் தலைமேல் திறந்திருக்கும்.

"ஜேஜு தீவுக்குப் போகலாம்னு சொன்னீங்களே, எந்த ஜென்மத்துல?" என்பாள்.

"இந்தப் படம் முடியட்டும்."

"போன தடவயும் இதையே சொன்னீங்க. அந்தப் படம் வந்து, ஓடி, டிவிலயும் போட்டுட்டான்."

அவன் சிரித்துக்கொண்டே பூண்டை உரிப்பான். உரிக்கும்போதே கண் ஃபிரிட்ஜின் மேல் போகும்.

அந்த வருடம் இலையுதிர் காலத்தில் மிராவின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு. பெரிய ஆபத்து இல்லை, ஆனால் பாதியை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆபரேஷன் தேதி கொடுத்துவிட்டார்கள். கூட ஒரு ஆள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வேண்டும்.

தேதியைப் பார்த்ததும் தோங்ஹாவின் முகம் மாறிய விதத்தை மிரா கவனித்தாள். அதே வாரத்தில் ஸ்டூடியோவில் ஒரு சரித்திரப் படத்தின் வெள்ளக் காட்சி முடிய வேண்டும். அணை உடைந்து ஆறு ஒரு ஊரையே அடித்துக்கொண்டு போகிற காட்சி. தண்ணீர் மாதிரி இடத்தைத் தின்னக்கூடியது வேறொன்றும் கிடையாது. ஒவ்வொரு துளிக்கும் கணக்கு.

மிரா கையிலிருந்த கரண்டியை வைத்தாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அந்த லேப்டாப்பை எடுத்துக்கிட்டு வர்றதா இருந்தா நீங்க வரவே வேண்டாம். என் தங்கச்சியக் கூப்பிட்டுக்கறேன்."

"எடுத்துட்டு வரல."

"சத்தியமா?"

"சத்தியமா."

மறுநாள் அவன் குக் சங்மோவிடம் போனான். இந்த முறை கெஞ்சவில்லை. மூன்று நாள் நான் இல்லை, போனில்கூட இருக்க மாட்டேன், அதற்குள் வெள்ளத்தை ஓட்டினால் எல்லாம் படுத்துவிடும், ஒன்று வெள்ளத்தைத் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் டிஸ்க் வாடகைக்காவது எடுங்கள் என்றான்.

"சரி சரி, பாத்துக்கலாம். மிரா உடம்பைப் பாரு முதல்ல" என்றார் அவர். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் கை அடுத்த கூட்டத்துக்கான காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தது. அவர் எதையும் பார்த்துக்கொள்ளப் போவதில்லை என்று தோங்ஹாவுக்குத் தெரிந்துவிட்டது.

அடித்தளத்துக்கு இறங்கினான். குளிருக்காக அங்கே தொங்கவிட்டிருக்கும் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்தான். வெகுநேரம் எதுவும் தட்டவில்லை. பிறகு, இத்தனை வருடமாக அவனுக்குத் தடை போடப்பட்டிருந்த காரியத்தைச் செய்ய ஆரம்பித்தான். ஒவ்வொரு வால்யூமாக எடுத்து, பேரை வாய்விட்டுப் படித்து, அதன் அளவைச் சுருக்கினான். உள்ளே இருக்கும் சாமான் எதையும் தொடவில்லை. வாக்குறுதியை மட்டும் வெட்டினான். எல்லாவற்றையும் கூட்டினால் டிஸ்க்கில் நிஜமாக எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வரும்படி வெட்டினான். இனி ஒருவன் இடத்தை நிரப்பினால் அவன் மட்டும்தான் சுவரில் முட்டுவான். மற்றவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

செய்ததை அப்படியே எழுதி, ஏன் என்பதையும் எழுதி, எல்லோருக்கும் மெயில் அனுப்பினான். யாரும் படிக்க மாட்டார்கள் என்று தெரியும். லேப்டாப்பைப் பையோடு மேசை டிராயரில் வைத்துப் பூட்டினான். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது தோளில் பை இல்லாமல் ஒரு பக்கம் இலேசாகி, நடையே கோணிக்கொண்டு போனது.

ஆபரேஷன் அன்று காலை மிராவைச் சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் அவன் கையைப் பிடித்து, மறு கையையும் பிடித்து, இரண்டிலும் ஒன்றும் இல்லை என்று பார்த்துச் சிரித்தாள். "கடைக்கதவை நல்லா பூட்டினீங்களா?" என்று கேட்டாள். கதவு மூடிக்கொண்டது.

அவன் காத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தான். வெறும் கை என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தது. போனை அணைத்துவிடுவதாகத்தான் எண்ணம். ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த நம்பருக்குத்தானே கூப்பிடுவார்கள்?

முதலில் கூப்பிட்டவன் கியோல். வெள்ளக் காட்சி அவன் கையில் இருந்தது.

"அண்ணே, என் ஆறு நின்னு போச்சுண்ணே."

"எங்க நின்னுது?"

"அணை உடைஞ்சிடுச்சு. தண்ணி சந்தை வரைக்கும் வந்துடுச்சு. மீன்கடைக்காரி பாதி நனைஞ்ச நெலையில நிக்கறா. இடமில்லேங்குது."

"மத்தவங்க வேலை ஓடுதா?"

"எல்லாம் ஓடுது. எனக்கு மட்டும்தான். அண்ணே, படத்தோட டைரக்டர் வெள்ளிக்கிழமை பாக்க வர்றாரு."

"மெயில் படிச்சியா?"

"எந்த மெயில்?" என்றான் கியோல்.

அடுத்து குக் சங்மோ. கத்தினார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அந்த ஒரு வரியை மட்டும் சொல்லு. நாங்களே தட்டிக்கறோம்" என்றார்.

"சொல்ல மாட்டேன் சார்."

"என்ன?"

"பெருக்கற வரி சின்னதுதான். யார் வேணாலும் தட்டலாம். தட்டினா சாயங்காலத்துக்குள்ள எல்லாம் படுத்துடும். நான் சொல்ல மாட்டேன்."

போனை வைத்தான். இத்தனை வருடத்தில் அவரிடம் மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மனதுக்குள் ஏதோ திறந்துகொண்டது போல இருந்தது. தானியங்கி மெஷினில் ஒரு காபி எடுத்துக் குடித்தான். நன்றாகக்கூட இருந்தது.

காபி முடிவதற்குள் லிஃப்ட் திறந்தது. குக் சங்மோ வெளியே வந்தார். ஒரு கையில், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் வாங்கி வரும் பானப் பெட்டி. இன்னொரு கையில் தோங்ஹாவின் பை. டிராயரின் பூட்டை உடைத்திருக்கிறார்கள்.

"மிரா எப்படி இருக்கு?" என்றார்.

"உள்ளதான் இருக்கா."

"நல்லபடியா முடியும்." பானப் பெட்டியை அவன் பக்கத்தில் வைத்தார். பையையும் வைத்தார். தானும் உட்கார்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "தம்பி, நான் மிரட்ட வரல. அந்த டைரக்டர் கைவிட்டுட்டா அடுத்த வருஷம் ஸ்டூடியோ இருக்காது. நூறு பேர். அதுல பாதிப் பேரு உன்னை அண்ணேன்னு கூப்பிடறவங்க."

தோங்ஹா பையைப் பார்த்தான். ஓடிப் போவதற்கு ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. மிரா உள்ளே இருக்கிறாள், இந்த நாற்காலியை விட்டு அவன் எங்கே போக முடியும்? துக்கக்கூடத்தில் செருப்பு அலமாரிக்குப் பின்னாலாவது ஒளிய முடிந்தது.

"சரி" என்றான். "பெருக்கறேன். ஆனா அதுக்கு ஈடா ஒண்ணு போகணும். எது போகணும்னு நீங்க சொல்லுங்க."

"அதெல்லாம் உனக்குத்தானே தெரியும்? வழக்கமா என்ன பண்ணுவியோ அதைப் பண்ணு."

"வழக்கமா பண்ணறதெல்லாம் பண்ணியாச்சு. தொடைக்கறதுக்கு ஒண்ணும் மிச்சமில்ல. இனிமே முழுசா ஒண்ணு போனாத்தான் உண்டு. பேரைச் சொல்லுங்க."

லேப்டாப்பைத் திறந்தான். தூங்கிக்கொண்டிருக்கும் படங்களின் பேரை ஒவ்வொன்றாகச் சொன்னான். இது போன வருஷத்துத் தொடர். ரெண்டு வருஷம் வச்சிருக்கணும்னு கையெழுத்துப் போட்டிருக்கோம். இது விளம்பரப் படம், போனாலும் போதாது. பிறகு கொஞ்சம் தயங்கி, "இமுகி" என்றான்.

குக் சங்மோவின் தலை நிமிர்ந்தது. டிராகனாக மாறக் காத்துக் கிடக்கும் பெரும்பாம்புதான் இமுகி. ஸ்டூடியோ சொந்தமாக எடுத்த ஒரே படம் அது. அவரே இரவு பகலாக உட்கார்ந்து செதில் செதிலாகச் செய்தது. தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடவில்லை. என்றைக்காவது இரண்டாம் பாகம் எடுப்பேன் என்று குடித்த நாட்களில் சொல்வார்.

"அது டேப்ல ஒரு காப்பி இருக்குல்ல?"

"இல்ல. டேப் மெஷின் கெட்டப்போ அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னீங்க சார்."

அவர் பானப் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அதுல கை வைக்கக்கூடாதுன்னுதான் இத்தனை வருஷமும் மத்ததையெல்லாம் உருட்டிக்கிட்டிருந்தேன்" என்றான் தோங்ஹா. குத்திக் காட்ட நினைத்துத்தான் வாயைத் திறந்தான். வெளியே வந்தபோது அதில் குத்தல் இல்லை.

சுவரில் இருந்த பலகையில் நோயாளிகளின் பெயர்கள் நகர்ந்துகொண்டிருந்தன. ஓக் மிரா, ஆபரேஷன் நடக்கிறது.

"எடுத்துடு" என்றார் குக் சங்மோ.

தோங்ஹா அந்த வால்யூமை முதலில் எல்லோருடைய கம்ப்யூட்டரிலிருந்தும் கழற்றினான். பிறகு மூடினான். அழிக்கும் கட்டளையைத் தட்டினான். நிச்சயமா என்று மெஷின் கேட்டது. "இ-மு-கி" என்று வாய்விட்டுப் படித்தான். லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான்.

"ஆமான்னு நீங்க தட்டுங்க சார்."

அவர் ஒரே ஒரு விரலால் தட்டினார். திரையில் ஒரு வரி வந்தது. அவ்வளவுதான்.

"அஞ்சாறு வருஷ வேலை" என்றார். "இவ்வளவு சீக்கிரமாவா போயிடும்?"

"இப்ப பேரைத்தான் எடுத்திருக்கு. மத்தது பின்னால மெதுவா கரையும்."

அவர் ஒரு பானப் பாட்டிலைத் திறந்து குடித்தார். தான் வாங்கி வந்ததையே எடுத்துக் குடிக்கிறோம் என்பதுகூட அவருக்குத் தோன்றவில்லை. தோங்ஹா கியோலின் வால்யூமைப் பெருக்கினான். காலியான அளவுக்கு மட்டும், ஒரு துளிகூட அதிகமில்லாமல். கியோலுக்குப் போன் போட்டு ஆற்றை ஓடவிடச் சொன்னான்.

"ஓக் மிராவோட ஆள் யாரு?" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

அவன் எழுந்து ஓடினான். லேப்டாப்பைக் கீழே வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. அது மூடியபடி அவன் கக்கத்தில் இருந்தது. கட்டில் தள்ளிக்கொண்டு வரப்பட்டது. கழுத்தில் கட்டோடு, வெளுத்த உதடுகளோடு, மிரா கண் திறந்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கக்கத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

நல்லபடியாக முடிந்தது, சில நாள் குரலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும், பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மிரா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். எழுதிக் காட்டச் சொல்லிக் காகிதம் கொடுத்தான், வாங்கவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் குவளையைக் காட்டுவாள். கட்டிலுக்குப் பக்கத்தில் துணைக்கு இருப்பவர் படுக்கிற தாழ்ந்த பலகையில் அவன் படுத்து, அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டை உடைத்தார்கள், அவர்தான் கொண்டுவந்தார், நான் எடுத்து வரவில்லை என்றெல்லாம் அந்த முதுகிடம் சொன்னான்.

வெள்ளிக்கிழமை டைரக்டர் வந்து பார்த்தார். வெள்ளம் பிரமாதம், மீன்கடைக்காரியை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று சொன்னதாகக் கியோல் செய்தி அனுப்பினான்.

மிராவுக்குக் குரல் திரும்பியது கடையில்தான். தாமரைக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தவள், கரகரவென்று, யாரோ வேறு ஆள் பேசுகிற மாதிரி பேசினாள்.

"அவரு வந்தாரு, அவரு வந்தாருன்னு இனிமே சொல்லாதீங்க. அவரு உங்களக் கட்டியா போட்டிருக்காரு? நின்னா நின்னுட்டுப் போவுதுன்னு ஒரு தடவையாவது விட்டிருக்கீங்களா? உங்க கையில இருக்கும்போது அது நிக்கக்கூடாது. அதுல உங்களுக்கு ஒரு பெருமை."

"பெருமை இல்ல மிரா. பயம்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். அந்தக் கத்தரிக்கோலை எடுங்க."

எடுத்துக் கொடுத்தான். அவள் சொன்னது சரி என்று அவனுக்குத் தெரியும். கூட்டங்களில் யாராவது, "நம்ம ஸ்டோரேஜ் மட்டும் ஒருநாளும் நின்னதில்ல" என்று சொல்லும்போது, கீழே குனிந்து ரகசியமாகச் சிரித்துக்கொண்டது யார்? தன்னை அடைத்த கூண்டின் கம்பிகளில் பாதியை அவனே கொண்டுவந்து அடித்திருந்தான்.

வசந்த காலத்தில் குக் சங்மோ புது ஸ்டோரேஜ் வாங்கினார். சொடுக்கிச் செய்கிற பக்கமும் அதில் இருந்தது, வண்ண வண்ணமாக. இனி யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோங்ஹா நினைத்தான். ஆளும் ஒருவன் வந்தான், நல்ல பையன், ஓடிப்போகவில்லை. ஆனால் இடம் வந்துவிட்டது என்றதும் குக் சங்மோ மேலும் இரண்டு தொடர்களை ஒப்புக்கொண்டார். வருடம் திரும்புவதற்குள் பழைய கதை. தோங்ஹா வேறு இடங்களுக்கு எழுதிப் போட்டான். அவனுடைய வயதைப் பார்த்து எவரும் பதில் போடவில்லை.

ஒன்றே ஒன்றை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வால்யூம் பெருக வேண்டுமென்றால் ஈடாக எது போக வேண்டும் என்று குக் சங்மோவே கீழே இறங்கி வந்து சொல்ல வேண்டும். ஆகவே திங்கட்கிழமை காலைகளில் அவர் மேல்கோட்டோடு அந்தக் குளிர் அறைக்கு வருவார். நின்றபடியே திட்டுவார். "இது போனா அவன் என்னைக் கொன்னுடுவான்" என்பார். "அப்ப வேற பேரைச் சொல்லுங்க சார்" என்பான் தோங்ஹா. கடைசியில் அவர் ஒரு பேரைச் சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமல் படியேறிப் போவார். சில வாரங்களில் பேர் எதுவும் சொல்ல முடியாமல், மேலே போய் யாருக்கோ போன் செய்து, ஒரு வேலையை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் கேள்வி.

மிரா ஜேஜு தீவுக்குப் போனாள், சந்தைக்காரப் பெண்களோடு. அவனைக் கூப்பிட்டாள்தான், திங்கட்கிழமை இருக்கிறதே என்று அவன் தொடங்கியதுமே, "தெரியும், தெரியும்" என்று பெட்டியை மூடிவிட்டாள். எரிமலைப் பாறைமேல் ஐந்து பேரும் ஒரே மாதிரி தொப்பி போட்டுக்கொண்டு நிற்கும் படம் வந்தது. அவளுடைய கழுத்துத் தழும்பை ஒரு பூப்போட்ட துணி மறைத்திருந்தது. படத்தில் அவள் வாய் திறந்து எதையோ கத்திக்கொண்டிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவன்தான் கடையில் இருந்தான். கிழவர் ஒருவர் நெத்திலி கேட்டார். காரம் கம்மியா, எள்ளு நிறைய என்றார். அவன் எடுத்து நிறுத்துக்கொண்டிருந்தபோது மேசைமேல் போன் அதிர்ந்தது. அதிர்ந்து, நின்று, மறுபடி அதிர்ந்தது.

"போன் அடிக்குதேப்பா" என்றார் கிழவர்.

"அடிக்கட்டும் பெரியவரே."

நெத்திலியைக் கட்டி, மேலே எள்ளைத் தூவி, மூடியை அழுத்தி, பையில் போட்டுக் கொடுத்தான். பெரியவர் போகும்வரை நின்று குனிந்து வணக்கம் சொன்னான். அதற்குப் பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். ஸ்டூடியோதான்.